ஜன்னலுக்குக் கீழே ஒரு சிமெண்ட் மேடை

டாக்டர் கேட்ட கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. வீட்டில் யாராவது புகை பிடிப்பார்களா என்று கேட்டாள், அவ்வளவுதான். ஆனால் கர்னைல் சிங்குக்குச் சுருக்கென்று குத்தியது. தலைப்பாகையும் தாடியுமாக, ஞாயிறு தவறாமல் குருத்வாராவில் எச்சில் தட்டுக் கழுவுகிற மனுஷனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? சிகரெட் என்ற வஸ்து எங்கள் வாசல்படி ஏறியதில்லை என்று விறைப்பாகச் சொன்னான். பரிசோதனைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ரேஷம் கௌர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "அவருக்குக் கோவம் வந்துருச்சு டாக்டர். வேற ஏதாவது கேளுங்க."

டாக்டர் வேறு கேட்டாள். என்ன தொழில்? லாரி. சொந்த லாரியா? சொந்த லாரிதான். அதை எங்கே நிறுத்துவீர்கள்?

"வீட்லதான். வேற எங்க?"

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலையில் எவ்வளவு நேரம் இஞ்சின் ஓடும், எந்தக் காலத்து இஞ்சின், படுக்கையறை எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டாள். பதில் சொல்லச் சொல்லக் கர்னைலின் குரல் இறங்கிக்கொண்டே போனது. நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது, போனது திரும்பாது, மிச்சத்தையாவது காப்பாற்றப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

ஃபிரெஸ்னோவுக்கு மேற்கே, கர்மன் பக்கத்தில் எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. பஞ்சாபி டிரைவர் தன் லாரியை எவனுடைய யார்டிலோ விட்டுவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கமாட்டான். பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போவான், டீசலை உறிஞ்சிக்கொண்டு போவான் என்று காரணம் சொல்வார்கள். அசல் காரணம் அதெல்லாம் இல்லை. எருமையைக் கொல்லையில் கட்டிப் பழகிய கூட்டம். சம்பாதித்துப் போடுகிற ஜீவன் கண்ணெதிரே நின்றால்தான் அதற்கு மனசு ஆறும். அதற்காகவே ஊருக்கு மேற்கே ஒன்றிரண்டு ஏக்கர் மனையாகத் தேடி வாங்குவார்கள். வீட்டுக்குப் பின்னால், பாதாம் மரங்களின் ஓரம், லாரி நிற்கும். பனிக்காலத்தில் எழுந்ததும் முதல் வேலை இஞ்சினைக் கிளப்பிவிடுவது. அப்புறம்தான் குளியல், பிரார்த்தனை, டீ, பராட்டா எல்லாம். அதுவரைக்கும் அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும். இந்த வீட்டில் பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் பொழுது விடிந்தது, ரேஷம் அந்தப் புகை வாசத்தில்தான் கண் விழித்தாள்.

போதாக்குறைக்கு இந்தப் பள்ளத்தாக்கு வேறு. சுற்றிலும் மலை, நடுவில் நாங்கள். கடலோரத்துப் பெரிய ஊர்களின் காற்றெல்லாம் மலை இடுக்கு வழியாக வந்து இங்கே தங்கிவிடும். துறைமுகத்தில் இறங்குகிற சாமான், வயலில் விளைகிற திராட்சை, ஆரஞ்சு, தக்காளி எல்லாம் இந்த இரண்டு நெடுஞ்சாலைகளில்தான் போயாக வேண்டும். தின்பது எல்லோரும், இருமுவது நாங்கள். பனிமூட்டம் இறங்கிவிட்டால் வாரக்கணக்கில் காற்று அசையாது. குழந்தைகள் பள்ளிக்கூடப் பையில் பென்சிலோடு இன்ஹேலரும் கொண்டுபோவார்கள், அதை ஒரு பெரிய விஷயமாக யாரும் பேசமாட்டார்கள்.

அந்த வருஷம் கர்னைலின் லாரிக்கும் கெடு வந்திருந்தது. அதன் இஞ்சின் கிழடு. இனிமேல் மாநிலத்தில் பதிவைப் புதுப்பிக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் முன்னால் சில வழிகள் இருந்தன. கடன்பட்டுப் புது டீசல் லாரி வாங்கலாம். அல்லது தீதார் சிங் செய்ததைச் செய்யலாம். தீதார், கர்னைலுக்குச் சித்தப்பா மகன். பழைய லாரிகளை டெக்சாஸ் பக்கம் தள்ளிவிட்டு, இண்டியானாவில் ஒரு கம்பெனி ஆரம்பித்து, அங்கே பதிந்த வண்டிகளை இங்கேயே ஓட்டிக்கொண்டிருந்தான். புகையை வடிகட்டுகிற சாமான் அவன் வண்டிகளில் வெளிப்பார்வைக்கு இருக்கும், உள்ளே குடைந்து எடுத்திருப்பார்கள். ஆள் மாறவில்லை, ரோடு மாறவில்லை, சரக்கு மாறவில்லை, நம்பர் பலகை மட்டும் மாறியது. நீங்களும் வந்துவிடுங்கள் பாஜி என்று அவன் அண்ணனை ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தவள் மகள் நவ்ரீத். சாக்ரமெண்டோவில் ஒரு ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பழைய லாரியை உடைக்கக் கொடுத்தால், மின்சார லாரிக்கு அரசாங்கமே பெரும்பங்கு போடும். சார்ஜ் செய்கிற பெட்டியும் அவர்களே வைத்துத் தருவார்கள். வேறு சமயமாக இருந்தால் கர்னைல் சிரித்திருப்பான். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் இஞ்சினைக் கிளப்பப் போகும்போது கை கூசியது. லாரியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போகவா முடியும்? அவளுக்கு மிச்சமிருக்கிற மூச்சுக்கு முன்னால் எதுவும் பெரிதில்லை என்று முடிவு செய்துவிட்டான்.

நவ்ரீத் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கக் கேட்க, அப்பன் பதில் சொன்னான். ரேஷம் மேத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வண்டி எங்க நிக்கும்னு கேக்குது டாடி. ஃபிரெஸ்னோவுல சார்ஜ் போடற யார்டு ஒண்ணு வருதாம், அதுல இடம் வேணுமான்னு கேட்டிருக்கு."

"யார்டா? எவன் வீட்டுலயோ கொண்டுபோய் நிறுத்தறதுக்கா வண்டி வாங்குறேன்? வீடுன்னு போடு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? வீடுன்னு போடு."

அவள் போட்டாள். ரேஷமும் தலையாட்டினாள். எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். பின்னால் கர்னைல் இந்த ஒரு வார்த்தையை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டான், ஆனால் அன்றைக்கு அது ஒரு கேள்வியாகவே அவனுக்குப் படவில்லை.

பெட்டியை எங்கே வைப்பது என்று பார்க்க ஆட்கள் வந்தார்கள். கர்னைல் வழக்கம்போலப் பாதாம் மரத்தடியைக் காட்டினான். ரேஷம்தான் உள்ளேயிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். புகையே இல்லாத வண்டி, எதற்கு அவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்றாள். தன் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே கை காட்டினாள். இத்தனை வருஷமாக வண்டியை விரட்டாத குறையாகத் தள்ளி நிறுத்தச் சொன்னவள், இப்போது பக்கத்திலேயே நிற்கட்டும், எழுந்ததும் பார்க்கலாம் என்றாள். வந்த ஆட்களுக்கும் அதுதான் வசதி. மீட்டர் அந்தச் சுவரில்தான் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே சிமெண்ட் மேடை கட்டி, அதில் ஆளுயரப் பெட்டியை போல்ட் போட்டு முறுக்கிவிட்டுப் போனார்கள். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போது ரேஷம் ஓரத்தில் விரலால் ஒரு பூ வரைந்தாள்.

பழைய லாரியைக் கொடுக்கிற அன்று அவளும் வருவேன் என்று அடம் பிடித்தாள். ஃபிரெஸ்னோவுக்குத் தெற்கே ஒரு உடைப்புக் கூடம். இஞ்சினில் கைமுட்டி நுழைகிற மாதிரி ஓட்டை போட்டு, அடிச்சட்டத்தை இரண்டாக அறுத்தால்தான் கணக்கு. திரும்பவும் எங்கேயும் ஓடக்கூடாது, அதற்காக. கர்னைல் முன்கண்ணாடியில் தொங்கிய கறுப்புக் குஞ்சலத்தை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டான். ஓட்டை போடுகிறவன் ஒரு இளைஞன், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, ஐயா கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னான். துரப்பணம் இரும்பில் இறங்கியதும் இஞ்சினுக்குள் மிச்சமிருந்த எண்ணெய் கறுப்பாக வழிந்தது. கர்னைல் கல் மாதிரி நின்றான். ரேஷம்தான் அழுதாள். அந்த வண்டியைச் சனியன், சவம் என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டியவள், துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினாள்.

"எதுக்கு அழுற? உன் நெஞ்சைக் கெடுத்ததே அதுதான்," என்றான்.

"அதான் என் பொண்ணப் படிக்க வச்சுது," என்றாள்.

புது வண்டி வந்தது. வெள்ளை வெளேரென்று, ஆஸ்பத்திரி அலமாரி மாதிரி இருந்தது. சத்தமே கிடையாது. ஊருக்குள்ளிருந்த வண்டிக் கம்பெனியின் கூடத்தில் நிறையச் சார்ஜ் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கர்னைல் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதுகூடத் தெரியாமல் ரேஷம் உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். திருடன் மாதிரி வர்றீங்க சர்தார்ஜி என்று கேலி செய்தாள். வண்டியைச் சுற்றி வந்து, புகைக்குழாய் இருக்க வேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தாள். கர்னைல் குஞ்சலத்தைக் கட்டினான். லட்டு வாங்கி அக்கம்பக்கத்தில் கொடுத்தார்கள்.

கம்பத்திலிருந்து பெட்டிக்கு மின்சாரம் இழுக்க ஆள் வரவில்லை. போன் போட்டுப் போட்டுப் பார்த்தபின் மின்சாரக் கம்பெனியிலிருந்து லோவெல் என்று ஒருவர் வந்தார். நல்ல மனுஷன், ரேஷம் கொடுத்த டீயைக் குடித்தார். கம்பத்தை அண்ணாந்து பார்த்தார், தெருவோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தார். இந்தக் கம்பியில் சுற்றுவட்டத் தோட்டங்களின் தண்ணீர் பம்புகள்தான் ஓடுகின்றன, ஒரு பெரிய லாரிக்குச் சார்ஜ் போட்டால் பாதித் தெரு இருண்டுவிடும் என்றார். துணை மின்நிலையத்திலேயே சாமான் மாற்ற வேண்டும், முன்னால் வரிசையில் நிறையப் பேர் இருக்கிறார்கள், இரண்டு வருஷம் ஆகலாம், மேலேயும் ஆகலாம். அப்படியானால் ஏன் பெட்டியை வைத்தீர்கள் என்று கர்னைல் கேட்டான். பெட்டி வைக்கிறவர்கள் வேறு, கம்பி இழுக்கிறவர்கள் வேறு என்று அவர் சொன்னார். நீங்கள் ஃபிரெஸ்னோ யார்டில் இடம் கேட்டிருந்தால் அங்கே மின்சாரம் தயாராக இருக்கிறதே என்றும் வருத்தத்தோடு சொன்னார்.

கர்னைல் அந்த யார்டுக்கு ஓடினான். அங்கே ஒரே கம்பெனி எல்லா இடத்தையும் வளைத்துப் போட்டிருந்தது. காலியாக நின்ற பெட்டிகளைக் கம்பி வேலிக்கு வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தான்.

அப்புறம் அவன் பட்ட பாடு நாய் படாத பாடு. லாஸ் ஏஞ்சல்ஸ் சந்தைக்குப் பழம் ஏற்றிப் போவதுதான் அவன் பிழைப்பு. கணவாய் ஏறி இறங்கினால் பேட்டரி மூச்சு வாங்கும், திரும்பி வரத் தெம்பு இருக்காது. வழியில் சார்ஜ் போடும் இடமெல்லாம் காருக்கென்று கட்டியவை. டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வண்டியின் தலையை மட்டும் பெரிய கடை ஒன்றின் கார் வரிசையில் குறுக்கே நுழைத்து நிறுத்துவான். காவலாளி வந்து விரட்டுவான், கார்க்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். பாவம், ஒரு தடவை கையெடுத்துக் கும்பிட்டே விட்டான். மூன்று மணி நேரம் அங்கே காத்திருந்த அன்று திராட்சைப் பெட்டிகள் வியர்த்துவிட்டன, சந்தையில் சரக்கை எடுக்கவில்லை. அதோடு சரக்குப் பிடித்துக் கொடுத்த புரோக்கர் அவனைக் கைகழுவினார். எங்க ஆளுங்களுக்கு உங்க பேட்டரிக் கதையெல்லாம் புரியாது, பழம் நேரத்துக்கு வரணும் என்றார்.

உள்ளூர் நடைதான் மிச்சம் இருந்தது. ஆரஞ்சுத் தோட்டத்திலிருந்து குளிர்கிடங்கு, கிடங்கிலிருந்து பழத்தைப் பெட்டியில் அடைக்கிற பொட்டலக் கூடம். அதற்கு இந்த வண்டி தாராளம், ஆனால் தினமும் சார்ஜ் வேண்டும். தினமும் ஊர்க்கோடிக்குப் போய்க் கார்களுக்கு நடுவே பாதி நாள் நின்றால் எவன் சரக்குக் கொடுப்பான்? பனிக்காலம் வருவதற்குள் வண்டி பெரும்பாலும் ஜன்னலுக்குக் கீழேதான் நின்றது.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், ரேஷம் தேறிவிட்டாள். கொல்லையில் டீசல் வண்டி இல்லை, காலைப் புகை இல்லை. இரண்டு மாசத்தில் அவள் வாய்க்கால் கரை வரைக்கும் நடந்துபோய் வந்தாள். நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் நின்றேன் என்று சின்னப்பிள்ளை மாதிரி பெருமையடித்துக்கொண்டாள். தூக்கத்தில் அவள் மூச்சு சீராக வருவதைக் கர்னைல் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். சம்பாத்தியம் போனாலும் இது போதும் வாஹேகுரு என்று அவனுக்குத் தோன்றும். விடிந்தால் போதும் என்ற அந்த நினைப்பு எங்கே போகுமோ தெரியாது, ஓடாத வண்டியைப் பார்த்து வயிறு எரியும்.

டிசம்பரில் தீதார் வந்தான். இண்டியானா பலகை மாட்டிய நீளமான வண்டியை வாசல் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, இஞ்சினை அணைக்காமல் இறங்கி வந்து, பாபி, பராட்டா இருக்கா என்று அடுப்படியில் உட்கார்ந்துகொண்டான். அண்ணி முறை, அவளிடம் அவனுக்கு உரிமை அதிகம். ரேஷமும் ஆசையாக முள்ளங்கிப் பராட்டா போட்டாள். கதவு திறந்து கிடந்தது. புகை மெதுவாக உள்ளே வந்தது. அவள் சட்டுவத்தைக் கீழே வைத்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

கர்னைல் எழுந்தான். "இஞ்சின அணை."

"குளிருல அணைச்சா திரும்பக் கிளம்பாது பாஜி, ரெண்டு நிமிஷம்."

"அணைடா."

தீதார் அணைத்துவிட்டு வந்தான். பிறகு அவன் மேடையையும் பெட்டியையும் வெள்ளை வண்டியையும் ஜன்னல் வழியாகப் பார்த்து, அலமாரி அழகா இருக்கு, துணி மடிச்சு வைக்கலாம் என்றான். கேலி செய்துவிட்டு அவனே இறங்கி வந்தான். ஆயிரம் இருந்தாலும் ரத்தம். என் கம்பெனியில் வண்டி எடுங்கள், சிகாகோ வரை போய்வரும் நடை, மூன்று வாரம் வெளியே, நான்கு நாள் வீடு என்றான். அது வேண்டாமென்றால் ஊரில் இந்த மாதிரி வண்டி வாங்கிய இன்னொருவன் செய்வதைச் செய்யுங்கள்: பெட்டியோடு ஒரு டீசல் ஜெனரேட்டரைச் சேர்த்துவிடுங்கள்.

"ஜெனரேட்டரா? அதுக்கு நான் அந்த லாரியையே வச்சிருக்கலாமே," என்றான் கர்னைல்.

"அதத்தான் நான் அப்பவே சொன்னேன். கேட்டாத்தானே."

கர்னைலுக்கு வந்த கோபத்தில் பராட்டாத் தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டான். மேடை மேல் உட்கார்ந்தான். அவன் காலருகே சிமெண்டில் அந்தப் பூ இருந்தது. தீதார் ஒன்றும் பொய் சொல்லவில்லை, அதுதான் அவனைச் சுட்டது.

ஜனவரியில் மானியக்காரர்கள் கேட்டார்கள், வண்டி ஓடவே இல்லையே, ஏன் என்று. ஓடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்றும் சொன்னார்கள். நவ்ரீத் அவர்களோடு போனில் சண்டை போட்டாள், அழுதாள். உங்கள் கஷ்டம் புரிகிறது என்று மறுமுனையில் பதமாகச் சொன்னார்கள். வண்டி போனால் பழைய லாரியும் இல்லை, புதுசும் இல்லை. கர்னைல் இரண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தீதாருக்குப் போன் போட்டு வருகிறேன் என்று சொன்னான். பரண் மேலிருந்து பையை எடுத்துத் தூசி தட்டினான்.

ரேஷம் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி நின்றால் மூச்சுத் திணறுகிறது என்று ஒரு அர்த்தம், சண்டைக்கு வருகிறாள் என்று இன்னொரு அர்த்தம்.

"போன மாசம் பனிமூட்டத்துல மூச்சு முட்டி நான் குளியலறைல விழுந்தப்ப யாரு தூக்குனது?" என்றாள்.

"நவ்ரீத் வீட்ல போய் இரு."

"அவ மூணாவது மாடில இருக்கா. ஏறுனா செத்துருவேன்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற? சொல்லு. இங்க உக்காந்து உன் மூஞ்சியப் பாத்துட்டிருந்தா ஆச்சா?"

"ஆமா. எனக்கு அது போதும். நீங்க இல்லாத வீட்டுல நல்ல காத்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவன் பையில் சட்டையை மடித்து வைத்தான். அவள் மடித்ததை எடுத்து வெளியே போட்டாள். அவன் திரும்ப வைத்தான். கடைசியில் அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது, கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முதுகை அவன் தடவிக்கொடுத்தான். திங்கட்கிழமை கிளம்புவது என்று அத்தோடு முடிவானதாக அவன் நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவில் தட்டுக் கழுவிவிட்டு மத்தியானம் திரும்பி வரும்போது பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. பாதாம் மரங்கள்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டு வாசலில் பக்கத்துத் தோட்டத்து ரமோனின் வண்டி வெளியேறிக்கொண்டிருந்தது. கை காட்டிவிட்டுப் போனான். ஜன்னலுக்குக் கீழே, மேடையை ஒட்டி, இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு மஞ்சள் ஜெனரேட்டர் நின்றது. தோட்டத்தில் மின்சாரம் போனால் பம்புக்குப் போடுவார்களே, அதே சாமான். தடித்த கறுப்புக் கேபிள் அதிலிருந்து பெட்டிக்குப் போயிருந்தது. பெட்டியிலிருந்து வெள்ளை வண்டிக்கு இன்னொன்று. ரேஷம் சால்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவளே ரமோனுக்குப் போன் போட்டு வரவழைத்திருக்கிறாள்.

கர்னைலுக்கு முதலில் கத்தத்தான் தோன்றியது. கத்தவில்லை. ஜெனரேட்டரைப் பாதாம் மரத்தடிக்குத் தள்ளப் பார்த்தான். இரண்டடி போனதும் கேபிள் இழுத்துப் பிடித்துக்கொண்டது. இவ்வளவு தடியான கேபிள் இவ்வளவுதான் நீளம் கிடைக்கிறது என்று ரமோன் சொன்னானாம். பெட்டியையோ போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறது. திரும்பத் தள்ளி அதே இடத்தில் நிறுத்தினான். புகைக்குழாயை மட்டும் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினான். காற்று அசையாத நாளில் எந்தப் பக்கம் திருப்பினால் என்ன? மேடையில் உட்கார்ந்துவிட்டான்.

"டாக்டர் என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

"இருக்கு. நான் ஜன்னல மூடிட்டேன். கீழ துண்டு வச்சு அடைச்சுட்டேன். ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம்தானே?"

"ரேஷமே, வேணாம். நான் தீதார்கிட்டயே போறேன்."

"நாளைக்கு ஆரஞ்சு ஏத்தணும்னு பொட்டலக் கூடத்துல சொல்லிட்டேன்," என்றாள். "எட்டு மணிக்கு வரச் சொன்னாங்க."

துப்பட்டாவை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, ரமோன் காட்டிக்கொடுத்த குமிழை அவளே திருகினாள். ஜெனரேட்டர் இரண்டு தடவை தும்மிவிட்டுக் கிளம்பியது. கறுப்பாகப் புகை வந்தது, அப்புறம் சாம்பல் நிறமாகி, பனிக்குள் போகாமல் அங்கேயே தங்கியது. பழைய லாரியின் சத்தம்தான். குளிரில் அது உறுமுகிற அதே உறுமல். ரேஷம் ஒரு நிமிஷம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள், ஏதோ சொன்னாள், அவனுக்குக் காதில் விழவில்லை. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கர்னைல் எழுந்து குமிழில் கை வைத்தான். அணைத்துவிட்டு உள்ளே போய் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, நாளைக் காலையில் தீதாரோடு கிளம்பிவிட வேண்டியதுதான். அப்போது பெட்டியின் சின்னத் திரையில் பச்சையாக எண் வந்தது. அந்த மேடை கட்டிய நாளிலிருந்து அது ஒரு தடவைகூட எரிந்ததில்லை. சார்ஜ் ஏழு சதவீதம் என்று காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டானது.

ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ரேஷம் வந்து நின்றாள். அணைக்காதீர்கள் என்று விரலை ஆட்டினாள். அவன் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். அப்புறம் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இந்த இரைச்சலில் அவள் இருமுவது கேட்கவில்லை, தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. நிமிர்வாள் என்று அவன் பார்த்துக்கொண்டு நின்றான். குமிழின் மேலிருந்த கை குளிரில் விறைத்தது. திரையில் ஒன்பது என்று வந்தது. கர்னைல் சிங் அணைக்கவில்லை.